தீப்பெட்டி லிஃப்ட்

முதல் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்தபோது லிஃப்ட் மெக்கானிக்கின் முழங்கால்கள் ஏறக்குறைய அவன் தாடையைத் தொட்டன. பக்கத்தில் அவன் மனைவி. மருந்துக்கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தாள். அவன் நெளிவதைப் பார்த்துக் காதோரம் சாய்ந்தாள்.

"ஓவர்லோட். இப்ப பீப் சத்தம் வரும் பாருங்க."

"சும்மா இரு கம்பவுண்டர். டீச்சர் வெளிய அனுப்பிடுவாங்க."

பள்ளி தொடங்கிய வாரம் அது. பெற்றோர்களை வரவழைத்து, இந்த ஆண்டு பிள்ளைகள் என்னவெல்லாம் கற்றுக்கொள்வார்கள் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்துகளைக் கூட்டிப் படிப்பார்கள். சின்னக் கூட்டல், கழித்தல் வரும். கடிகாரத்தின் பெரிய முள்ளும் சின்ன முள்ளும் என்ன சொல்கின்றன என்று தெரியும். ஷூ கயிற்றைத் தாங்களே கட்டுவார்கள். தங்கள் முறை வரும்வரை பொறுத்திருப்பார்கள். மனதில் நினைப்பதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்வார்கள். கடைசியாகச் சொன்னது பெரியவர்களுக்கே வராது என்று டீச்சர் சேர்த்துக்கொண்டபோது எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று யாரோ கேட்டார்கள்.

"பெரிசா ஒண்ணும் வேணாம். சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க, அவங்க படிக்கட்டும். ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டா உடனே எடுத்துக் குடுத்துடாதீங்க. காத்திருங்க. அது வாய்க்குள்ள வந்துக்கிட்டு இருக்கும்."

அதை அவன் மனைவி மாத்திரை போடும் காகித உறையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்ததுபோல் டாக்டர்கள் எழுதுவதையெல்லாம் ஒரே பார்வையில் படித்துவிடுகிறவள் அவள். அவள் எழுத்தும் நாளாக நாளாக அப்படியே ஆகிவிட்டது என்று அவன் கேலி செய்வான்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். "அதை எடுத்துட்டு வந்தீங்களா? அந்த… மழைக்குப் பிடிப்போமே, அது."

"குடை," என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மகளுக்குப் பெயர் ஒன்று இருந்தாலும் வீட்டில் அவள் பட்டன்தான். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, எந்த லிஃப்டில் ஏற்றினாலும் எட்டிய பட்டனையெல்லாம் அமுக்கி, கூட ஏறியவர்களிடம் அப்பாவைத் திட்டு வாங்க வைத்தவள். அதிலிருந்து ஒரு விளையாட்டு வந்தது. அம்மா அவள் மூக்கை ஒரு விரலால் அமுக்கி, "எந்த மாடி?" என்பாள். "மூணு," என்றால் அப்பா அவளை இடுப்புக்குத் தூக்க வேண்டும். "எட்டு," என்றால் தோளுக்கு. "மொட்டை மாடி," என்றால் தலைக்கு மேலே. சில சமயம் பாதி வழியில் நிறுத்தி, கரண்ட் போய்விட்டது என்பான். அப்போது அம்மா வந்து மறுபடி மூக்கை அமுக்கினால்தான் ஓடும்.

குடைக்குப் பிறகு சீப்பு போயிற்று. பிறகு கரண்டி. பிறகு ஒரு மதியம் கடையில், ஆண்டுக்கணக்காக விற்றுவந்த ஒரு மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பழகிய முகத்தின் பெயர் வராமல் தவிக்கிறவளைப்போல் வெகுநேரம் நின்றாள். யாருக்கும் எதையும் தவறாகக் கொடுத்துவிடவில்லை. அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தாள், வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள், முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

டாக்டர் ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையில் சொற்கள் இருக்கும் இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது, நிறுத்துவதற்கு மருந்து இல்லை என்றார். சிலருக்கு ஆண்டுகள் ஆகும், சிலருக்கு மாதங்களே போதும். மனிதர்களைத் தெரியும், பாசம் இருக்கும், சொல் மட்டும் ஒவ்வொன்றாகப் போகும். பட்டனிடம் அவர்கள் சுருக்கமாகச் சொன்னார்கள்: அம்மாவுக்கு வார்த்தை மறந்துபோகிற வியாதி. பட்டன் தலையாட்டினாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத பிள்ளையிடம் இன்னும் கொஞ்சம் பேசியிருக்க வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பகலில் கூட இருக்க மனைவியின் தங்கை வந்தாள். சித்திக்குப் பொறுமை கிடையாது. அக்கா கையை நீட்டித் தடுமாறும்போதே, "கத்தரிக்கோலா? துணியா? டம்ளர்தானேக்கா?" என்று கடையைப் பரப்புவாள். பட்டன் குறுக்கே வருவாள்.

"சித்தி, எடுத்துக் குடுக்கக்கூடாது. அது வாய்க்குள்ள வந்துக்கிட்டு இருக்கும்."

அம்மாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தையே பார்த்தபடி காத்திருப்பாள். தன் முறை வரும்வரை பொறுத்திருக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை. சில நாள் சொல் வந்துவிடும். அப்போது இருவரும் பரிசு வாங்கியவர்கள்போல் கைதட்டிக்கொள்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான், வீட்டில் இருக்கிறவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் வகுப்பில் காட்ட வேண்டும் என்றார் டீச்சர். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து லிஃப்ட் செய்தான். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, உச்சியில் பென்சில் ஒன்றைக் குறுக்காகச் செருகி, அதில் காலி நூல்கண்டைச் சக்கரமாக மாட்டினான். அதன்மேல் நூலைப் போட்டு, இரண்டு நுனியிலும் ஒவ்வொரு தீப்பெட்டி. ஒன்று ஆள் ஏறும் பெட்டி. அதில் பட்டன், சீருடை போட்ட ஒரு காகிதப் பெண்ணை வெட்டி நிற்க வைத்தாள். இன்னொன்றில் அவன் இரும்பு நட்டுகளைப் போட்டு நிரப்பினான்.

"அந்தப் பெட்டி எதுக்குப்பா? அதுல யாருமே இல்லையே."

"அதுதான் வெயிட். அது இல்லாட்டி லிஃப்டே இல்ல. இது மேல போகணும்னா அது கீழ போயே ஆகணும். சும்மா எதுவும் மேல போகாது." தன் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும் சந்தோஷத்தில் அவன் நூலை மெல்ல இழுத்தான். காகிதப் பெண் உயர்ந்தாள், நட்டுகள் இறங்கின.

"நிஜ லிஃப்ட்ல கயிறே தெரியலையே?"

"உள்ள இருக்கும். ஏறுறவங்களுக்குத் தெரியாது."

வகுப்பில் எல்லாரும் கைதட்டினார்களாம். திரும்பி வந்த லிஃப்ட் ஜன்னல் ஓரத்தில் இடம் பிடித்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், முன்னறிவிப்பே இல்லாமல், பட்டனுக்குப் படிக்க வந்துவிட்டது. அதுவரை ஒவ்வொரு எழுத்தாக மாடு மேய்ப்பதுபோல் ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு அவை தாங்களாகவே சேர்ந்து நின்றன. பஸ் ஜன்னலில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு தெருவையே படித்தாள். சாயம் மங்கிய பலகைகள், லாரியின் முதுகு, கடைக் கதவில் ஒட்டியிருந்த காகிதம். 'கதவை மெதுவாக மூடவும்' என்பதைப் படித்துவிட்டு உண்மையாகவே மெதுவாக மூடினாள். சோப்பு உறையையும் விடவில்லை. பிடித்த சொற்களையெல்லாம் மாலையில் அம்மாவிடம் கொண்டுவந்து கொட்டினாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள்.

ஒரு மாலை, மாடிப்படியில் யாரோ இறக்கி வைத்திருந்த பெட்டியைப் பார்த்து, "கண்ணாடி, கவனம்," என்று படித்தாள். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் தலை வாரிக்கொண்டிருந்த அம்மா எதிரே இருந்ததைக் காட்டி, துடைக்கச் சொல்வதற்காக வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. பட்டன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவேயில்லை. கடைசியில் அம்மா தன் கைக்குட்டையாலேயே கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனாள். அவன் அதைப் பெரிதாக எண்ணவில்லை. தினம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. எதையென்று கவனிப்பான்?

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் டீச்சர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். இந்த முறை அவன் தனியாக அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தான்.

பட்டன் படிப்பதை நிறுத்திவிட்டாள் என்றார் டீச்சர். கணக்குப் போடுகிறாள், மணி பார்க்கிறாள், ஷூ கயிறு கட்டத் தெரியாதவர்களுக்குக்கூடக் கட்டிவிடுகிறாள். புத்தகத்தை நீட்டினால் மட்டும் உதட்டை மடித்துக்கொள்கிறாள். கரும்பலகையில் எழுதினால் தலையைக் குனிந்துகொள்கிறாள். வகுப்பிலேயே முதலில் படித்த பிள்ளை. இப்படியே போனால் அடுத்த வகுப்புக்கு அனுப்புவது கஷ்டம்.

"ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல படிப்புக்காக அடிக்கிறது, மிரட்டுறது…"

"இல்லைங்க டீச்சர்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். நகத்தில் கிரீஸ் இருந்தது. டீச்சர் பதிலுக்காகக் காத்திருந்தார். பிறகு அவராகவே பேச்சை மாற்றி, பக்கத்தில் உட்காருங்கள், விளையாட்டாகத் தொடங்குங்கள் என்றார்.

பஸ்ஸில் பட்டன் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். சில வாரங்களாகவே அப்படித்தான். பள்ளி அலுப்பு என்று நினைத்திருந்தான். இன்று பார்த்தான்: பிள்ளை தூங்கவில்லை. இமைகள் இறுகியிருந்தன. பஸ் நிற்கும்போதெல்லாம் இன்னும் இறுகின.

வீட்டில் சித்தி கதவருகிலேயே பையோடு நின்றாள். "மாமா, ஒருத்திக்குப் பேச்சு வரமாட்டேங்குது, இன்னொருத்தி பேசமாட்டேங்கிறா. நடுவுல நான் ஒருத்தியே ரேடியோ மாதிரி கத்திக்கிட்டு கிடக்கேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள்.

மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். பட்டன் கை கால் கழுவப் போனாள். எதில் தொடங்குவது என்று தெரியாமல் அவன் ஜன்னல் பக்கம் வந்தான். அங்கே தீப்பெட்டி லிஃப்ட் இருந்தது. நூல் சிக்கிக்கிடப்பதாக முதலில் நினைத்தான். குனிந்து பார்த்தபோது, சிக்கல் அல்ல, முடிச்சு. சக்கரத்தைச் சுற்றி முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு, இரண்டு பெட்டிகளையும் ஒரே உயரத்தில் நிறுத்தியிருந்தது. வெயிட் பெட்டியில் நட்டுகளின் மேல், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு காகிதப் பெண் படுத்திருந்தாள்.

என்னவென்று பிடிபடாமலே, தொழில் பழக்கத்தில் அவன் விரல் முடிச்சை அவிழ்க்கப் போனது. ஈரக் கை ஒன்று அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"அவுக்காதீங்கப்பா. அம்மா கீழ போயிடுவாங்க."

அவன் தரையில் உட்கார்ந்தான். எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தான். அவளும் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, நினைப்பதை முழு முழு வாக்கியமாகச் சொன்னாள்.

"நான் குடைன்னு படிச்சேன், ஆனா அதுக்கு முன்னாடியே அம்மாகிட்டருந்து குடை போயிடுச்சு. அது ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா கண்ணாடி நான் படிச்ச அன்னிக்கே போச்சு. கதவும் அப்படித்தான். சோப்பும் அப்படித்தான். நான் மேல போறேன்ல, அதான் அம்மா கீழ போறாங்க. அதனால நான் நிறுத்திட்டேன். லீவ்ல அம்மா மறுபடி ஜன்னல்னு சொன்னாங்க. நீங்ககூட எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்தீங்க."

ஆமாம், வாங்கி வந்தான். அந்த ஒரு சொல்லை நம்பி, டாக்டர் தவறாகச் சொல்லிவிட்டார் என்றுகூட அன்றைக்கு நினைத்தான்.

"அப்புறமும் போகுதுப்பா. நான் படிக்காமலே போகுது. நான் இன்னும் எல்லாத்தையும் மறக்கலை, அதனாலதான்னு நினைக்கிறேன். மறக்கத்தான் பாக்கறேன். கண்ணைத் திறந்தா அது தானா படிச்சுடுது."

"பட்டன், இங்க பாரு. அது லிஃப்டும்மா. மனுஷங்களுக்கு அப்படிக் கிடையாது. உனக்கும் அம்மாவுக்கும் நடுவுல கயிறே இல்ல."

"உள்ள இருக்கும். ஏறுறவங்களுக்குத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

நடு மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் பயந்து அழுகிறவர்களுடன் கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசி, அவர்களை அமைதிப்படுத்தியிருக்கிறான் அவன். பிரேக்கைப் பற்றிச் சொல்வான், கயிறு ஒன்றல்ல, பல என்பான். இப்போது ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அம்மாவுக்கு வியாதி, நீ படித்தாலும் படிக்காவிட்டாலும் எல்லாம் போய்விடும் என்பதுதான் உண்மை. அதை எந்த முழு வாக்கியத்தில் சொல்வது?

நிமிர்ந்தபோது மனைவி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். மடித்த துணி கையில் இருந்தது. எவ்வளவு கேட்டாள், கேட்டதில் எவ்வளவு பிடிபட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. துணியைக் கீழே வைத்தாள். வந்து அட்டைப்பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு தீப்பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டுக் காகிதப் பெண்ணை எடுத்து, தன்னைத்தானே அடையாளம் கண்டுகொள்கிறவளைப்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்ததும் செய்வதைப்போல, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

இரண்டு பெட்டிகளும் விழுந்தன. நட்டுகள் தரையெங்கும் உருண்டன.

பட்டன் மூச்சை அடக்கிக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். அம்மா நின்றுகொண்டிருந்தாள். எங்கும் போகவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பட்டன் ஓடிவந்து சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். உதடுகள் ஒரு சொல்லை வளைத்துப் பிடிக்கப் பார்த்தன, விட்டன, மறுபடி பார்த்தன. அவனும் காத்திருந்தான். சொல் வரவில்லை.

அம்மா குனிந்து, ஒரு விரலால் மகளின் மூக்கை அமுக்கினாள்.

கேள்வி இல்லை. விரல் மட்டும் இருந்தது.

"மேல வேணாம்மா," என்றாள் பட்டன்.

அம்மா மறுபடியும் அமுக்கினாள். இந்த முறை கொஞ்சம் அழுத்தி. விரலை எடுக்கவில்லை.

பட்டனின் முகம் கோணியது. "ஒண்ணு," என்றாள். "ஒண்ணே ஒண்ணு."

அம்மா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் பட்டனைத் தூக்கி அவள் மடியில் உட்கார வைத்தான். பள்ளிப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து கொடுத்தான். அவள் தொடங்கினாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த அவனுக்கே எதுவும் கேட்கவில்லை; உதடு மட்டும் அசைந்தது.

"கொஞ்சம் சத்தமா படிம்மா."

"மெதுவா படிச்சா கொஞ்சமாத்தான் போகும்பா," என்றாள் அவள். அம்மாவுக்குக் கேட்டுவிடாமல் அதையும் மெதுவாகவே சொன்னாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் ஒரு பக்கம். அம்மா ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை, ஒரு சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவ்வளவு பொறுமையாகக் கேட்ட அம்மா அந்த வகுப்பில் வேறு யாருக்கும் இருந்திருக்க மாட்டாள்.

ஆண்டு முடிவில் டீச்சர் எல்லாரையும் திரும்ப வரச்சொன்னார். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் யாருடைய பையோ இருந்தது. பட்டன் நன்றாகப் படிக்கிறாள், பெரிய பிள்ளைகளின் புத்தகத்தைக்கூடப் படிக்கிறாள் என்றார் டீச்சர். வீட்டில் நன்றாக உதவியிருக்கிறீர்கள் என்றும் சொன்னார்.

"ஒரே ஒரு குறைதான். குரலே வெளிய வரமாட்டேங்குது. அவ வாய்கிட்ட காதை வெச்சாத்தான் கேக்குது. லீவ்ல தினமும் சத்தமா படிக்கப் பழக்குங்க, சரியாயிடும்."

"சரிங்க டீச்சர்," என்றான்.

வீட்டில் விளக்கு போட்டிருந்தது. மனைவி ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். 'அது' என்ற சொல்கூடப் போய் இப்போது சில வாரங்களாகிவிட்டன. பட்டன் புத்தகத்தோடு மடியில் ஏறிக்கொண்டாள். விரல் தானாக மூக்கைத் தேடி வந்தது.

"ஒண்ணு," என்று சொல்லிவிட்டு, அம்மாவின் காதருகே வாயை வைத்து, மூச்சுக்காற்றுபோல் படிக்கத் தொடங்கினாள்.

அவன் அறைக்கு நடுவே நின்றான். டீச்சர் சொன்னதைச் சொல்ல வேண்டும். சத்தமாகப் படிக்கலாம் பட்டன், போவதற்கு அம்மாவிடம் இனி எதுவும் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல் வாய்க்குள்தான் இருந்தது. அவன் ஷூவைக் கழற்றிவிட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காத்திருந்தான்.